வரப்பில் வெட்டிய குழி

ஆம்பளைக்கு ஊரே கழிப்பறை. எந்தச் சுவரைப் பார்த்தும் நிற்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நடந்து போகிற பொம்பளைக்கு வயிறு கலக்கினால் என்ன செய்வாள் என்று ஒரு நிமிஷம் யோசித்து இந்த நாட்டில் எந்தச் சாலையும் போடவில்லை. இந்த எரிச்சல் எனக்கு வெகுநாளாக உண்டு. அதனால்தான் முதுகுப்பை மாட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும் ஒரு களைக்கொத்தையும் அதில் செருகிக்கொள்வேன்.

கடலூரில் நானும் என் கணவரும் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை கடையைப் பூட்டிவிட்டு மலைப் பக்கம் நடக்கப் போவோம். களைக்கொத்து வேலையெல்லாம் அங்கே படித்ததுதான். தண்ணீரை விட்டுத் தள்ளிப் போக வேண்டும், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும், முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி மிதிக்க வேண்டும், காகிதத்தைக் கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் வெறுங்காலோடு நடந்து, மிதிக்கக் கூடாததை எத்தனையோ முறை மிதித்தவள் நான். என்னுடையது இன்னொருத்தர் காலில் ஒட்டக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம். கொஞ்சம் கர்வம் என்றும் சொல்லலாம்.

தைப்பூசத்துக்குச் சிதம்பரத்திலிருந்து வடலூருக்கு நடந்தோம். கீரப்பாளையத்தைத் தாண்டியதுமே எனக்கு வயிறு முறுக்கிப் பிடித்தது. விடிந்துவிட்டிருந்தது. சாலை நிறைய நடைப்பயணிகள், இரண்டு பக்கமும் வயல். கணவரைச் சாலையோர டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஒரு வரப்பில் இறங்கி நடந்தேன்.

தண்ணீரை விட்டுத் தள்ளிப் போ என்ற பாடமெல்லாம் அங்கே செல்லாது. வரப்புக்கு ஒரு பக்கம் மேட்டு வயல், பிந்தி நட்டது, இன்னும் தண்ணீர் நின்றது. மறுபக்கம் தாழ்ந்த வயல், தண்ணீரை வடித்துவிட்டு அறுவடைக்குக் காத்திருந்தது. முற்றிய கதிருக்குள் இறங்கப் பாம்புப் பயம். வரப்பில் ஓரிடத்தில் காட்டாமணக்குப் புதர் மறைவாக இருந்தது. அங்கே குழி வெட்டினேன். வேலை முடிந்ததும் மூடி, நன்றாக மிதித்துவிட்டு வந்தேன். வரப்பு ஏன் இத்தனை ஒல்லியாக இருக்கிறது என்று நினைத்தேன், அதற்கு மேல் நினைக்கவில்லை.

டீக்கடைக்குத் திரும்பியபோது கணவர் கால் கொப்புளத்துக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது டீ குடிக்கும்போது அறுவடை மிஷின் ஒன்று வந்து சாலையோரம் நின்றது. தோளில் மண்வெட்டியோடு அதற்கு முன்னால் ஓடி வழிகாட்டப் போன தாழ்ந்த வயல்காரன், வயலைப் பார்த்து அப்படியே நின்றான். நெல்லுக்கடியில் தண்ணீர் மினுமினுத்தது. அந்தச் சேற்றில் மிஷின் இறங்காது.

"ராத்திரியோட ராத்திரியா வரப்ப வெட்டி வுட்டுட்டியாடா" என்று கத்திக்கொண்டு மேட்டு வயலை நோக்கி ஓடினான்.

டீக்கடைக்காரர் பால் சட்டியை இறக்கி வைத்தார். "ரெண்டு பேரும் கூடப் பொறந்தவனுங்க. மேல அண்ணன், கீழ தம்பி. தன் பக்கம் நெலம் சேக்க ஆளுக்கு ஒரு பக்கமா வருஷா வருஷம் வரப்பச் செதுக்குவானுங்க. நண்டு வளை போட்டாவே அது தாங்காது. இன்னைக்கு யாரு வெட்டுனாங்களோ."

எழுந்து எட்டிப் பார்த்தேன். காட்டாமணக்குப் புதர் பக்கத்தில், நான் வெட்டிய குழியில்தான் வரப்பு உடைந்திருந்தது.

அண்ணன்காரன் "நான் வெட்டலடா" என்றுதான் வந்தான். தம்பி கேட்கவில்லை. மண்வெட்டியை வீசினான். அண்ணன் தலையைச் சாய்த்ததால் அது மண்டையைச் சீவிக்கொண்டு போனது. ரத்தம் கண்ணில் வழிய அண்ணன் அவன் மேல் பாய்ந்து கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். தம்பி முட்டியால் அவன் வயிற்றில் இடித்துப் புரண்டு எழுந்தான். இப்போது கீழே கிடந்தது அண்ணன். தம்பி மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தான். மிஷின் டிரைவர் இறங்கக்கூட இல்லை. உயிர்களிடம் இரக்கம் காட்டச் சொல்லும் ஊருக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

நான் கிளம்பினேன். கணவர் என் கையைப் பிடித்தார். "வாயத் தொறக்காத. மானமே போயிடும்."

"கைய வுடு மாமா. அங்க கொல நடக்கப் போவுது."

வெட்கத்தில் என் காது இரண்டும் எரிந்தன. வரப்பில் வழுக்கி விழுந்து, சேற்றில் கையூன்றி எழுந்து ஓடினேன்.

"நிறுத்துங்க. அந்தக் குழிய வெட்டுனது நான்தான்."

ஓங்கிய மண்வெட்டி அப்படியே நின்றது. தம்பி என்னைப் பார்த்தான். "நீ யாரு? எதுக்கு வெட்டுன?"

"வெளிக்குப் போவ."

சாலையில் ஒருவன் சிரித்தான்.

"பொய் சொல்றா. இவன் செட்டப் பண்ணிக் கூட்டியாந்திருக்கான்" என்றான் தம்பி.

"பொய்யா? உடைப்புக்குப் பக்கத்துல காட்டாமணக்கு வேர்ல தங்கியிருக்கு. கிளறிப் பாரு."

அவன் கிளறினான். சேற்றோடு வந்தது. அத்தனை பேர் எதிரில் அதை அவன் உற்றுப் பார்த்தான். செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு. அவன் ஆறுதலடைவான் என்று நினைத்தேன். ஆனால் அவன் முகம் முன்னைவிடக் கறுத்தது. அண்ணனை அடிக்க அவனிடம் இருந்த ஒரே காரணத்தை நான் பிடுங்கிவிட்டேன் அல்லவா. எட்டி என் கன்னத்தில் அறைந்தான்.

நான் சும்மா இருக்கிற ரகம் இல்லை. திருப்பி அறைந்தேன். என் கை முழுக்கச் சேறு, அவன் முகத்தில் அப்பியது. அவன் மண்வெட்டியை என் தலைக்கு மேல் ஓங்கினான். என் கணவர் நொண்டிக்கொண்டே வரப்பில் ஓடிவருவது தெரிந்தது. வந்து சேர முடியாது என்பதும் தெரிந்தது.

பிடியை எட்டிப் பிடித்தது, சேற்றிலிருந்து எழுந்து வந்த அண்ணன்காரன். ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் ரத்தம் ஒழுக நின்றான்.

"வுட்றா. இந்தம்மா வாயத் தொறக்கலன்னா இந்நேரம் நான் பொணம். நீ ஜெயிலு."

தம்பி பிடியை விடாமல் இழுத்தான். இழுத்ததில் மண்வெட்டியின் தகடு அவன் முகத்துக்கு நேராக வந்தது. அதன் விளிம்பில் சேற்றோடு அண்ணனின் நரைத்த முடி ஒரு கொத்து, தோலோடு ஒட்டியிருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மண்வெட்டியை விட்டுவிட்டு, நான் உட்கார்ந்த அதே வரப்பில் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.