மடியில் ஒரு மோட்டார்

வெலிமடையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், மடியில் ஒரு மோட்டாரை வைத்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவராம். நரைத்த மீசை, நகக்கண்களில் கழுவிப் போகாத கிரீஸ். மோட்டாரின் தண்டைக் கட்டைவிரலால் மெல்லச் சுழற்றிக்கொண்டே வந்தார்.

“புதுசுங்களா?” என்று கேட்டேன்.

“மாத்தக் கொண்டு போறேங்க. எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்குற பொம்பளைங்க பால்ல ஆடை பிரிக்கிற மெஷின் வச்சிருக்காங்க. கையால சுத்திச் சுத்தித் தோள்பட்டை வலின்னாங்க. நான்தான் மோட்டார் மாட்டினேன்.”

“ஓடலையா?”

“தேயிலை உருட்டுற மெஷின்ல பழகின கைங்க. அது மெதுவாச் சுத்தும், ஆனா பலம் வேணும். அதே நெனப்புல பெரிய மோட்டாரா வாங்கிட்டேன். பால் மெஷின்ல உள்ள கிண்ணம் பம்பரத்தவிட வேகமாச் சுத்தணும். அதுக்குக் கொஞ்சங்கொஞ்சமா வேகம் ஏத்துற சின்ன மோட்டார்தான் சரி. இது சுவிட்சப் போட்டதும் ஒரே இழுப்பு. கியர் நொறுங்கிருச்சு. இப்பக் கையாலயும் சுத்த முடியாது.”

பதுளை வந்தது. கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

“பொம்பளைங்க ஏசினாங்களா?” என்று கேட்டேன்.

“ஏசலைங்க. முந்தி போனா பால் இல்லாத பிளேன்டீ குடுப்பாங்க. இப்ப அந்த ஆடை பிரிக்க முடியாத பால ஊத்திக் குடுக்குறாங்க. மேல ஆடை மிதக்குது.”

எனக்கு டீயில் ஆடை பிடிக்காது. அதை எடுத்து எறியப் போகும்போதெல்லாம் இப்போது கை சற்றுத் தயங்குகிறது.