ஏரவாடாவிலிருந்து வந்த கட்டில்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மராட்டி ஊரான கட்கியில் எங்கள் தெருவில் தண்ணீர் வராவிட்டாலும், யாராவது ஸ்கூட்டரை வழியில் நிறுத்தினாலும் முதலில் கேட்பது என் குரல்தான். அப்படிப்பட்ட வாய், பேச வேண்டிய ஒரு நாளில் பேசாமல் போனது. அதற்கான தண்டனையை என் கணவரின் முதுகு அனுபவித்தது.

அவர் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சேமிப்பு எல்லாம் கரைந்திருந்தது. தரையில் மெத்தை விரித்துப் படுக்க வைத்தேன். அவர் ஆறடி ஆள், நான் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டேன். நேரத்துக்குப் புரட்டிப் போட முடியாமல் இடுப்புக்கு மேலே தோல் சிவந்து, பிறகு கிழிந்து, உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகிவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று இருந்தால் நீங்கள் ஒருவரே சமாளிக்கலாம், இல்லாவிட்டால் இந்தப் புண் எலும்பு வரைக்கும் போய்விடும் என்றார் டாக்டர். கட்டிலுக்கு எங்கே போவேன்?

கீழ்வீட்டு அம்மாதான் தான் போகும் சர்ச் பற்றிச் சொன்னார். அங்கே கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் வைத்திருக்கிறார்களாம். கேட்பவர்களுக்குச் சும்மா கொடுத்து, தேவை முடிந்ததும் அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்களாம். என்ன மதம் என்று கேட்பதில்லை. ஒன்றே ஒன்று, கொடுப்பதற்கு முன் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். யாருக்கு முதலில் என்பதை அதன் பிறகுதான் முடிவு செய்வார்கள்.

இரண்டு பேர் வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோனது. வீட்டைக் கழுவிவிட்டேன். மாடி வீட்டிலிருந்து இரண்டு நல்ல நாற்காலி இரவல் வாங்கினேன். கேசரி கிளறினேன். பீரோவைத் திறந்து நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டேன். அதோடு விட்டேனா? மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, என் கணவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். சரியாமல் இருக்க வேட்டியால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, கட்டு தெரியாமல் மேலே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, நெற்றியில் விபூதியும் இட்டேன். மெத்தையைச் சுருட்டிப் பின்கட்டில் ஒளித்தாயிற்று. நாலு பேர் வந்து போகும் வீடு, நாறிக் கிடக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. அந்த நாற்றத்தைப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள் என்பது மண்டையில் ஏறவேயில்லை.

வந்தவர்களில் ஒருவர் தமிழ் பேசும் அம்மா; தன் அப்பா காலத்திலிருந்தே கட்கிக்காரர். இன்னொருவர் ரிட்டயரான கோவாக்காரர். கேசரியை ருசித்துச் சாப்பிட்டார்கள். அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"ராத்திரி எப்படிங்க படுக்க வைக்கிறீங்க?"

"அது ஒண்ணும் பெரிய கஷ்டமில்லைங்க. பழகிடுச்சு."

"முதுகுல புண்ணு ஏதாச்சும்?"

"சேச்சே. நான் பார்த்துக்கறேன்ல."

என் கணவர் வாயைக் கோணிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். என்னையே பார்த்தார். "இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கட்டுங்களா?" என்று நான் குறுக்கே விழுந்தேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

நாலு நாள் கழித்து போன் வந்தது. இருந்த ஒரே கட்டிலை ஏரவாடாவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் கிடக்கும் ஒருவருக்கு. முகம் தெரியாத அந்த மனிதரையும் அவர் மனைவியையும் மனதுக்குள் என்னென்னவோ சொல்லித் திட்டினேன். போட்டது போட்டபடி கிளம்பி சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஆபீஸுக்குப் போய் நின்றேன்.

"உங்க ஆளுங்களுக்குத்தான் குடுப்பீங்கன்னா அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. எதுக்கு வீடு வரைக்கும் வந்து தின்னுட்டுப் போனீங்க?"

சொல்லும்போதே நாக்கு கூசியது. அங்கே இருந்த தமிழ் அம்மா கோபப்படவில்லை.

"கட்டில் போன வீடு எங்க ஆளுங்க இல்லைங்க. அவங்க வீட்டுக்காரர் தரையில ஈரத்துல கிடந்தாரு, நாங்க பார்த்தோம். நீங்க கஷ்டமில்லைன்னு சொன்னீங்க. நாங்க நம்பிட்டோம்."

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். "புண்ணு இருக்குங்க. இவ்ளோ பெரிசு. நான் பொய் சொன்னேன்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். வீட்டுக்கு வந்து, பின்கட்டில், நான் யாருக்கும் காட்டாத அந்த முதுகைக் குனிந்து பார்த்தார். "கட்டில் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் கை இருக்கில்ல" என்றார்.

மறுநாளிலிருந்து சர்ச் ஆட்கள் வந்தார்கள். காலையில் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர். வந்ததும் கையைக் கழுவுவார்கள், இவரைப் புரட்டிப் போடுவார்கள், துணி மாற்றுவார்கள், போய்விடுவார்கள். சர்ச்சில் ஒரு வயதான நர்ஸ் இருந்தார். புண்ணைக் கழுவி மருந்து வைப்பது அவர் பொறுப்பு. கோவாக்காரர் ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்து இவருக்கு முகச்சவரம் செய்துவிடுவார். செய்யும்போது கிரிக்கெட்டைப் பற்றி இந்தியில் ஓயாமல் பேசுவார், இவர் பாதி முகத்தால் சிரிப்பார். நான் ஒரு பிள்ளை பெற்றிருந்தால் அதுகூட இப்படிச் செய்திருக்குமா என்று தெரியாது. முதல் வாரம் காபி போடவா என்று தவித்தேன். "புரட்டறப்ப தலையைப் பிடிங்க, அது போதும்" என்றுவிட்டார் நர்ஸ். புண் பரவுவது நின்றது. ஆனால் மூடவில்லை. தரையிலேயே கிடந்தால் மூடாது என்று அவரும் சொன்னார்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு காலையில் வாசலில் டெம்போ வந்து நின்றது. பின்னால் கட்டில். டிரைவர் பக்கத்திலிருந்து தமிழ் அம்மா இறங்க, கூடவே வெளுத்த சேலையில் ஒரு மராட்டிப் பெண் இறங்கினாள். என் வயதுதான் இருக்கும்.

"ஏரவாடா வீட்டம்மாங்க. அவங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு. பதிமூணாம் நாள் நேத்துதான் முடிஞ்சுது. இன்னொருத்தர் காத்துட்டிருக்காருன்னு கேள்விப்பட்டு, தானே கூட வந்து குடுக்கறேன்னு சொல்லிட்டாங்க" என்றார் அம்மா காதோரமாக.

அந்தப் பெண் உடனே வந்த வேலையில் இறங்கிவிட்டாள். கட்டில் முழுக்க டெட்டால் மணம், அவளே துடைத்திருக்கிறாள். இவரை ஏற்றிப் படுக்க வைத்ததும் கால்மாட்டில் குந்தி உட்கார்ந்து எனக்குக் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினாள். மூன்றாவது சுற்றில் இடிக்கும், பலவந்தம் பண்ணாதே, கொஞ்சம் பின்னால் விட்டுத் திருப்பு என்றாள், மராட்டியும் இந்தியும் கலந்து.

மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டேன். "கட்டில் உங்க வீட்டுக்குப் போனப்ப நான் உங்களைத் திட்டினேன். நிறையத் திட்டினேன்."

அவள் சுற்றுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "கட்டில் உன் வீட்டுக்கு வந்திருந்தா நானும் திட்டியிருப்பேன்" என்றாள். பிறகு எழுந்து, "புண்ணைக் காட்டு" என்றாள்.

நானும் அவளுமாக இவரை ஒருக்களித்துத் திருப்பினோம். கட்டுத் துணியை விலக்கினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தாள். புண்ணைச் சுற்றியிருந்த நல்ல தோலை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிடும். எங்க வீட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிசா இருந்துச்சு. காய்ச்சல்தான் கொண்டு போச்சு, புண்ணு இல்லை. கடைசியா குளிப்பாட்டறப்ப நான் பார்த்தேன். முதுகு சுத்தமா இருந்துச்சு."