நிறம் மாறாத தாள்

1991 ஆவணியில் என் மகள் வதனி என் கண் முன்னாலேயே வாடிக்கொண்டிருந்தாள். பத்து வயதுப் பிள்ளை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சிறு வயதிலேயே அவளுக்குச் சலரோகம். தினமும் இன்சுலின் ஊசி போடவேண்டும். கோப்பாயில் அப்போது மின்சாரம் இல்லை. மருந்தும் அரிது. கொழும்பிலிருந்து மச்சாள் அனுப்பிய பரிசோதனைத் தாள்களைத்தான் நம்பியிருந்தோம். பிள்ளையின் சலத்தில், அதாவது சிறுநீரில், தோய்த்தால், சீனி இருந்தால் தாள் நிறம் மாறும். அந்தக் கிழமை முழுவதும் மாறவேயில்லை; மஞ்சளாகவே நின்றது. சீனி இல்லாதபோது ஊசி ஆபத்து என்று டாக்குத்தர்மார் சொல்லியிருந்தார்கள். மருந்தைக் குறைத்தோம்.

பிள்ளைக்கோ அடங்காத தாகம். பிறகு சத்தி; குடித்ததெல்லாம் வெளியே வந்தது. மூச்சு வாங்கத் தொடங்கியது.

“இஞ்சருங்கோ, ஊசியைக் கூட்டிப் போடுவமே?” என்று கணவரிடம் கேட்டேன்.

“தாள் மஞ்சளாத்தானே நிக்குது. போட்டு, பிள்ளை மயங்கிப் போனால்?” என்றார் அவர்.

போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். சாமிப் படத்தின் முன் விழுந்தேன். “பிள்ளையாரப்பா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீதான் காட்டவேணும்.” வேறு சொல் வரவில்லை.

முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். காலையில் பிள்ளையின் சலம் எடுத்த தேங்காய்ச் சிரட்டை அங்கே கிடந்தது. அதை எறும்பு மொய்த்திருந்தது. சீனி இல்லாத இடத்தில் எறும்புக்கு என்ன வேலை? அப்படியென்றால் சலத்தில் சீனி இருக்கிறது.

“தாள் பொய் சொல்லுதப்பா! ஓடி வாங்கோ!” என்று கத்தினேன்.

அவர் சைக்கிளை உழக்க, பிள்ளையை மடியில் அணைத்தபடி கரியரில் இருந்தேன். தலை என் தோளில் துவண்டு கிடந்தது. முருகா, பிள்ளையாரே என்று வாய் புலம்பிக்கொண்டேயிருந்தது.

ஆசுபத்திரியில் டாக்குத்தர் அவளது சலத்தை நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். அது செங்கல் நிறமானது.

“சீனி நிறையக் கிடக்கு. உந்தத் தாள் வெக்கையில பழுதாப் போச்சு, அம்மா. இன்னும் சுணங்கியிருந்தால் பிள்ளை தப்பியிராது” என்றார்.

சேலைன் ஏறியது. இன்சுலினும் கொடுத்தார்கள். கட்டிலடியில் இருந்து அவள் மூச்சைப் பார்ப்பதைத் தவிர என்னால் ஒன்றும் முடியவில்லை. அடுத்த நாள் கண் திறந்தாள்.

“அம்மா, பசிக்குது.”

வாய்விட்டு அழுதேன்.

மருந்துக்கு இன்றும் அலைகிறோம். பயமும் போகவில்லை. ஆனால் இப்போது தாள் என்ன காட்டினாலும் முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கும் கண்ணை அந்தப் பிள்ளையாரப்பன்தான் தந்தான்.

வழி தெரியாமல் நிற்கும் தாய்மாரே, பெரிய நேர்த்திக்கடன் ஒன்றும் வேண்டாம். தெரியவில்லை என்று அவனிடம் அழுது சொல்லுங்கள். அவன் கேட்பான்.