இரண்டாம் காலும் மூன்றாம் காலும்

எலக்ட்ரானிக் போர்டு செய்து விற்கிறவனுக்குப் பொருள் கையை விட்டுப் போன பிறகுதான் கவலையே ஆரம்பிக்கும்; ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் பிடித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அசையாத முள்

கோவில்பத்தில் என் கடை. திருவேட்டக்குடியில் இறால் குஞ்சு வளர்க்கும் பிலோமினா அக்காவுக்கு, தொட்டித் தண்ணீரின் சூட்டை அளந்து மீட்டர் முள்ளில் காட்டி, ஹீட்டரைப் போட்டு அணைக்கும் போர்டு ஒன்று செய்து கொடுத்தேன். தண்ணீர் இரண்டு டிகிரி ஏறி இறங்கினால் குஞ்சு மொத்தமும் செத்து மிதக்கும் என்று சொல்லித்தான் கேட்டார்.

உள்ளே இருப்பது ஆப் ஆம்ப் ஐ.சி., சின்ன மின்னளவைப் பெருக்கிக் கொடுக்கும் சில்லு; பக்கத்துக்கு நாலு கால். வெளியே வருவதில் கொஞ்சத்தை மைனஸான இரண்டாம் காலுக்குத் திருப்பிக் கொடுத்தால் அது தன்னைத்தானே அடக்கிக்கொண்டு நிற்கும்; இதற்குப் பெயர்தான் மைனஸ் ஃபீட்பேக். பிளஸான மூன்றாம் காலுக்குக் கொடுத்தால் ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். நான் போர்டைத் தலைகீழாகப் புரட்டி வைத்து, மேலிருந்து எண்ணிப் பற்றவைத்துவிட்டேன். இரண்டு, மூன்றாகிவிட்டது. நல்லவேளை, குஞ்சு வருவதற்கு முன்பே அக்கா சோதித்துப் பார்த்திருக்கிறார்.

"ஐஸ் தண்ணியில வச்சாலும் சூடுன்னே காட்டுதே தம்பி, குஞ்சு வந்தப்புறம் நான் எதை நம்புறது?"

டக் டக்

அதைச் சரிசெய்தால் அடுத்தது. வைத்த சூட்டை நெருங்கியதும், ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே நிற்காமல் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. இப்படியே போனால் ரிலே கருகிவிடும். இதற்கு மருந்து, ரிலேயை ஓட்டும் இன்னொரு ஐ.சி.யில் வேண்டுமென்றே மூன்றாம் காலுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது. அப்போதுதான் சூடு அரை டிகிரியாவது மாறும்வரை அது மனம் மாறாது. தெரிந்துதான் செய்தேன். பக்கத்தில் நின்ற அக்காவின் வீட்டுக்காரர் விடவில்லை.

"அன்னைக்கு இந்தக் கால்ல வச்சதுதான் தப்புன்னீங்க, இன்னைக்கு அதுலயே வைக்கிறீங்களே?"

நீள ஒயர்

குஞ்சு வந்துவிட்டது. அடைமழை வேறு. தொட்டியடியில் இருந்த மீட்டரை வீட்டுக்குள் கொண்டுபோக, அக்கா காலையில் நீளமாக, மேலே கம்பி வலை சுற்றிய ஷீல்டு ஒயர் இழுத்துவிட்டார். மதியம் போன் வந்தது: முள் ஆடுகிறது, நிற்கவில்லை.

வழியில் வரிச்சிக்குடி தாண்டுவதற்குள் வண்டியிலேயே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரண்டாம் காலில்தானே வைத்தேன்? போய்ப் பிரித்துப் பார்த்தால், சரியாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே நீள ஒயர் தொங்கினால், திருப்பிக் கொடுக்கும் திருத்தம் தாமதமாக வந்து சேரும். அடக்க வேண்டிய நேரம் தவறித் தூக்கிவிடும், மைனஸே பிளஸ் மாதிரி ஆகிவிடும். ஒயர் கிளம்பும் இடத்தில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டதும் முள் நின்றது. அதன் பிறகுதான் தொட்டியைப் பார்க்கத் துணிந்தேன். குஞ்சு அத்தனையும் துள்ளிக்கொண்டிருந்தது. ஹீட்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில், கையில் கண்ணாடித் தெர்மாமீட்டரோடு அக்கா நனைந்துபோய் நின்றார்.

"சூடானா அணைக்கிறேன், ஆறுனா போடுறேன், காலையிலேருந்து நான்தான் தம்பி ஒங்க போர்டு."

மைனஸ் ஃபீட்பேக் என்றால் என்னவென்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் படம் போட்டு விளக்குவதில்லை, பிலோமினா அக்கா வீட்டுக்கு வழி சொல்லிவிடுகிறேன்.