இன்றுவரை செல்லும்

தையல் ஆலையில் காஜா போடும் அவளுக்குக் கூப்பன்காரம்மா என்றுதான் பெயர். கணவனுக்கு முதுகில் அடிபட்டு வேலை போன மாதம், மகளின் படிப்பை மட்டும் நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்தாள். மளிகைச் செலவைப் பாதியாக்கினாள். செய்தித்தாளில் வரும் கூப்பன்களை வெட்டித் தேதிவாரியாக அடுக்கிவைத்தாள். தள்ளுபடி இல்லாத நாளில் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவளுடைய எண்ணெய்க் கூப்பனைப் பார்த்த பில் போடும் பெண், "இது செல்லாதும்மா" என்றாள்.

"கடைசித் தேதி இன்னைக்குத்தானே? கடை இன்னும் மூடலையே."

"அஞ்சு காசுக்கு இவ்வளவு பேச்சா?" என்று பின்னால் நின்றவர் முணுமுணுத்தார்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நகரவில்லை. "மேனேஜரைக் கூப்பிடுங்க. நான் பிச்சை கேக்கலை. நீங்க அச்சடிச்சதைத்தான் கேக்கறேன்."

மேனேஜர் வந்து பார்த்தார். கணினியில்தான் தேதி தப்பாக ஏறியிருந்தது. "மன்னிச்சிடுங்கம்மா" என்று உடனே கழித்துக்கொடுத்தார்.

முணுமுணுத்தவர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, இது எந்தப் பேப்பர்ல வருது?"

அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கூப்பனை அவர் கையில் வைத்தாள். "ஓடிப்போய் எண்ணெய் எடுத்துட்டு வாங்க. நாளைக்குச் செல்லாது."