பிலோமினா டீச்சர் கையெழுத்துப் போட மறுத்த நாள்

"டீச்சருக்கு விடுதலை கெடைச்சிடுச்சுக்கா" என்று எங்கள் கூட்டத்துச் செல்வி கெடாரிலிருந்து போனில் அழுதாள். விழுப்புரம் தபால் நிலையத்தில், வரிசையில் ஆட்கள் நிற்க, நான் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தேன். துக்கத்துக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று புதன்கிழமைதான் டீச்சர் என்னிடம் சொல்லியிருந்தார். சனிக்கிழமை, நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார். விடுதலையை யார் கேட்டது? பாதி வேலையில் இருந்தவரைச் சாவு பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது.

தொண்ணூற்று மூன்றில், புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி வரிசையில் அவரைச் சந்தித்தேன். இருவருக்கும் முடக்குவாதம், இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. விரல்கள் கோணி, கரும்பலகையில் எழுத முடியாமல் போனதும், வேலையை விட்டுவிடும்படி தலைமையாசிரியர் பக்குவமாகச் சொன்னாராம். "எழுதறதுதான் சார் கஷ்டம். வாய் நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறார். அதன் பிறகு இருபது வருடம் அதே பள்ளியில் பாடம் நடத்தினார்.

அவருக்குப் பல வருடம் கழித்து ஒருநாள் முழங்கால் தேங்காய் போல வீங்கியது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூட்டில் கோத்திருந்த நீரை எடுக்க வேண்டும் என்ற இளம் டாக்டர், ஆங்கிலத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்.

"எடுக்கற நீரை ஆராய்ச்சிக்கு வெச்சுக்கறோம். இங்க ஒரு கையெழுத்து."

"என்ன ஆராய்ச்சி?"

"சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா."

டீச்சர் பேனாவை மூடினார். "முட்டி என்னுது. அதுல இருக்கற நீரும் என்னுது. எனக்குப் புரியறாப்புல சொல்ல முடியலைன்னா குறை என்கிட்ட இல்லீங்க டாக்டர்."

நொண்டிக்கொண்டே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வலியில் நெற்றி வியர்த்தது. "ஏன் டீச்சர் பேஜாரு? போட்டுடுங்களேன்" என்று கெஞ்சினேன். "வலிச்சுக்கினே இருக்கட்டும். தெரியாம போட மாட்டேன்" என்றார்.

நோயாளிகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் வந்தார். என்ன நினைத்தாரோ, எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து தமிழில் ஆரம்பித்தார். கிருமியோடு சண்டை போட வேண்டிய செல்கள் எங்களைப் போன்றவர்களுக்கு மூட்டையே தாக்குகின்றன. 'போதும், நிறுத்து' என்று அவற்றை அடக்குவதற்கென்றே உடம்பில் வேறு செல்கள் உண்டு. அவை எங்கள் மூட்டுக்குள் என்ன செய்கின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. முழுக்கக் கேட்டுவிட்டு, கோணல் விரல்களால் டீச்சர் கையெழுத்துப் போட்டார். "என்ன தெரிஞ்சாலும் வந்து எங்களுக்குச் சொல்லணும்" என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்.

டாக்டர் வாக்குத் தவறவில்லை. மறு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்கு வந்தார். எங்களைப் போன்ற பெண்களை வல்லம், கெடார், அனந்தபுரத்திலிருந்தெல்லாம் டீச்சர் பள்ளிக்கு வரவழைத்திருந்தார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அன்றுதான் தொடங்கியது. அடக்கும் செல்கள் மூட்டு நீரில் நிறையவே இருக்கின்றன என்றார் டாக்டர். ஆனால் சுற்றிலும் அழற்சி மூர்க்கமாக இருப்பதால், தாக்கும் செல்கள் அவற்றுக்குக் கட்டுப்படுவதில்லையாம்.

"ஆள் இருக்கு, பேச்சு எடுபடலை. எங்க பழைய ஹெட்மாஸ்டர் மாதிரி!" என்றார் டீச்சர். டாக்டரும் சிரித்துவிட்டார்.

வல்லத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க முடியாமல் போனதிலிருந்து, போன ஜென்மத்துப் பாவம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே அவளைச் சமையலறைக்குள் விடுவதில்லை. "அப்போ இது நான் பண்ண பாவம் இல்லீங்களா?" என்று கேட்டாள்.

டீச்சர் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். ஞாயிறுதோறும் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர் அவர். "பாவமும் இல்லை, சாபமும் இல்லை. ஒரு செல்லு சொல்றத இன்னொரு செல்லு கேக்கலை. அவ்வளவுதான். உங்க வீட்டுக்கு நானே வந்து சொல்றேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வீட்டிலும் அதே பேச்சைப் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்; ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

சொன்னபடி மறுவாரம் வல்லத்துக்குப் போனார். நானும் கூடவே போனேன்; இரண்டாவது முறை போனபோது என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். அன்று மாலை என் வீட்டிலும் பேசினேன்.

நோயைக் குணமாக்கும் மருந்தை டீச்சர் பார்க்கவில்லை. நானும் பார்ப்பேனா, தெரியாது. என்னிடம் அவர் விட்டுப்போயிருப்பது அவருடைய பிடிவாதம். அடக்கத்தன்று கோயிலிலிருந்து கல்லறைக்குக் கிளம்பும்போது, "உங்களால முடியாதுங்க, ஆட்டோல ஏறுங்க" என்றார்கள். ஏறவில்லை. இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடிவிட்டு எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"நடந்தே வந்துட்டேன், டீச்சர்" என்றேன்.