ராய் ஹோவானெக்கும் மார்த்தாவும்

காலையில் ஓர் ஆள் வந்து, "கோச் கூப்பிடுறாரு, புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா" என்று சொன்னால், அந்த ஊரில் அதைக் கேட்ட ஆட்டக்காரனின் பிழைப்பு முடிந்தது என்று அர்த்தம். அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டமெல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் வரைந்திருக்கும். வெளியே போகிறவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ராய் ஹோவானெக் மூன்று ஊர்களில் இந்தப் பேச்சைக் கேட்டவன். நான்காவது ஊரான இந்த ஏரிக்கரை நகரத்திலும் செவ்வாய்க்கிழமை என்றாலே அவன் காது வாசலில்தான் இருக்கும். செவ்வாய்தான் ஆள் கழிக்கிற நாள். அவன் மனைவி லொரெய்ன் அன்றைக்குத் துணி துவைக்கவே மாட்டாள். ஈரத்துணியை வைத்துக்கொண்டு எப்படி மூட்டை கட்டுவது?

ராயின் அப்பா ஆண்டி, பென்சில்வேனியாவில் இரும்பு உலையில் வேலை பார்த்தவர். அம்மாவின் தம்பி மைக், பள்ளிக்கூட அணியில் பந்தை எறிகிற குவாட்டர்பேக்காக ஆடித் தோள்பட்டை இறங்கி, அதே உலைக்குப் போனவர். மைக்கின் மகன் ஜிம்மியும் குவாட்டர்பேக்காகவே ஆடினான், கல்லூரியோடு சரி. அந்தக் குடும்பத்தில் சம்பளம் வாங்கி ஆடுகிற வரைக்கும் வந்தவன் ராய் ஒருவன்தான். வந்தான் என்றுதான் பேர். ஆட்டத்துக்கு ஆட்டம் ஓரத்தில் தொப்பி போட்டு நிற்பதுதான் அவன் வேலை. முதல் ஆள் ப்ரெண்ட் கால்டருக்கு ஏதாவது ஆனால் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, மைக் வீட்டில் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைத் தட்டோடு தொலைக்காட்சி முன் உட்காருகிறவர்கள், "அதோ நம்ம தொப்பி!" என்று கத்துவார்கள்.

அந்த டிசம்பரில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஞாயிறன்று ப்ரெண்டின் முழங்கால் திரும்பிவிட்டது. தூக்குக்கட்டிலில் அவனைக் கொண்டுபோகும்போதே கோச் வால்ட் ரைடனவர் திரும்பிப் பார்த்தார்.

"ராய், தொப்பியைக் கழட்டு. கலிஃபோர்னியாக்காரன் ஒருத்தன் எந்த அணியிலயும் இல்லாம சும்மா இருக்கான்னு மேலே இருக்கிறவங்க இப்பவே போன் போட்டுட்டாங்க. புரியுதா?"

புரிந்தது. இன்றைக்கு நின்று ஆடினால் வேலை இருக்கும். இல்லாவிட்டால் செவ்வாய்.

குவாட்டர்பேக் என்பவன் வட்டமாகக் குனிந்து நிற்கிற பத்துப் பேருக்கு என்ன ஆட்டம் என்று சொல்ல வேண்டியவன். அந்தப் பத்துப் பேரும் அவன் சொல்லைக் கேட்பதற்கு முன் முகத்தைப் பார்ப்பார்கள். முகத்தில் பயம் ஒரு துளி தெரிந்தாலும் எல்லாரும் பாதி மனதோடுதான் ஓடுவார்கள். அதனால் உள்ளே என்ன நடந்தாலும் முகம் கல்லாக இருக்க வேண்டும். மலை மாதிரி நாலு பேர் எலும்பை முறிக்க ஓடி வருவார்கள். அவர்களைப் பார்க்கக் கூடாது. தூரத்தில் ஓடுகிற தன் ஆளைத்தான் பார்க்க வேண்டும். முந்தின எறிதல் கெட்டுப் போயிருந்தால் அதை அங்கேயே மறந்துவிட வேண்டும்.

ராயின் முதல் எறிதலே கெட்டுப் போனது. பந்து எதிராளி கையில் போய் விழுந்தது. சொந்த ஊர்க் கூட்டமே ஊளையிட்டது. ஆட்டம் தொடங்கும்போது குனிந்து பந்தை ராய் கைக்குக் கொடுக்கிற பக் டொம்ப்ரோ, வட்டத்தில் மூக்கில் ரத்தம் வழிய, "தாத்தா, நம்ம சட்டை நீலம். நீலத்துக்குப் போடு" என்றான்; வயதில் மூத்த ராய் அவர்களுக்குத் தாத்தா. எல்லாரும் சிரித்தார்கள். ராயும் சிரித்தான். உள்ளே ஒருவன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினார்கள். கடைசியில் நாலு புள்ளி பின்னால் நிற்கிறார்கள், எதிராளி எல்லைக்கோட்டுக்கு உள்ளே பந்து போனால் ஆறு புள்ளி, கடிகாரம் ஓடுகிறது, அதை நிறுத்தக் கையில் வழி இல்லை. இன்னும் ஓர் ஆட்டம் ஆடலாம், அவ்வளவுதான். எல்லைக்கு ஓரமாகக் குட்டை எறிதல், பிடித்தவன் உள்ளே பாய வேண்டும் என்று வட்டத்தில் சொன்னான். கோட்டில் போய் நின்ற பிறகுதான் கவனித்தான்: பின்னால் காவல் நிற்க வேண்டிய எதிராளி குட்டை எறிதலுக்காக முன்னால் நகர்ந்து வருகிறான். எல்லைக்கு உள்ளே இடது மூலை வெறிச்சென்று கிடக்கிறது.

ஆட்டத்தை மாற்ற வேண்டும். அதற்கு ஒரு சொல் உண்டு. அதைக் கத்தினால் தன் ஆட்களுக்குப் புரியும், எதிராளிக்குப் புரியாது. இந்த அணியில் எல்லாம் ஊர்ப்பெயர்கள். மூலைக்கு நீள எறிதல் என்றால் டுலூத்.

"மார்த்தா! மார்த்தா!" என்று கத்தினான் ராய்.

முந்தின அணியில் எல்லாம் பெண்பெயர்கள். அங்கே மூலை எறிதலுக்கு மார்த்தா. அவசரத்தில் நாக்கு பழைய வீட்டுக்குப் போய்விட்டது.

முன்னால் குனிந்திருந்த பக் தலையைத் திருப்பாமலே முனகினான். "எவடா அவ?"

அப்போதுதான் ராய்க்கு உறைத்தது. தெரியாத சொல் வந்தால் அது எதிராளியை ஏமாற்றப் போடுகிற வெறும் சத்தம், முதலில் சொன்னதையே ஆட வேண்டும் என்பது அணியின் வழக்கம். ஆக எல்லாரும் குட்டை எறிதலுக்கே ஓடுவார்கள். திருத்திச் சொல்ல நேரமில்லை. பந்து கைக்கு வந்துவிட்டது.

குட்டை ஓட்டம் ஓடினவர்களை எதிராளிகள் மொய்த்துக்கொண்டார்கள். பக்கும் மற்றவர்களும் ஒரு மூச்சுக்கு மேல் தடுக்கத் தயாராக நிற்கவில்லை, தடுப்பு உடைந்தது. வலது பக்கம் ஓடி வருகிறவனின் மூச்சுச் சத்தம் கேட்டது. ராய் பார்க்கவில்லை. யாரும் இருக்க வழியில்லாத இடது மூலையைப் பார்த்தான்.

அங்கே ஒருத்தன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கிளிஃப்டன் பேட்ஸ். ஒரு கோடைக்காலம் அவனும் அதே பழைய அணியில் இருந்து கழிக்கப்பட்டவன்.

ராய் எறிந்தான். அடுத்த நொடி விலா எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒருவன் மேலே விழுந்தான். பனிக்குள் முகம் புதைந்து கிடந்தவனுக்குக் கூட்டத்தின் ஆரவாரம்தான் ஜெயித்த சேதியைச் சொன்னது.

கிளிஃப்டன் வந்து தூக்கிவிட்டான். "மார்த்தாவைப் பாத்து எவ்வளவு நாளாச்சு, தாத்தா! சௌக்கியமா இருக்காளா?"

"வாயை மூடுடா," என்றான் ராய்.

பத்திரிகைக்காரர்கள் அவன் நிதானத்தைப் புகழ்ந்தார்கள். "மூலை காலியா இருந்துச்சு, போட்டேன்" என்று மட்டும் சொன்னான். கதவோரம் நின்ற கோச் சிரிக்கவில்லை. மைக் மாமா போனில் அழுதார். ராயின் நினைப்பெல்லாம், கோச் மறுநாள் போட்டுப் பார்க்கப்போகிற ஆட்டப் படத்தில்தான் இருந்தது. படம் போட்டுப் பார்க்கும்போது ஒன்பது பேர் ஒரு பக்கமும் ஒருத்தன் மறுபக்கமும் ஓடுவது தெரியாமலா போகும்?

செவ்வாய்க்கிழமை காலை அந்த ஆள் வந்தான். முகத்தைப் பார்க்காமல், "கோச் கூப்பிடுறாரு. புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வா" என்றான்.

கோச் திரையில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார். படத்தில் ராயின் வாய் திறந்தபடி நின்றது.

"என்ன சொன்ன அங்க?"

"மார்த்தா."

"யாரு அவ?"

"பழைய இடத்து வார்த்தை, கோச். டுலூத் வாயில வரல."

"கிளிஃப்டன் இல்லேன்னா?"

ராய் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"புத்தகத்தைக் குடு."

கொடுத்தான். கோச் பக்கத்தைப் புரட்டி, பென்சிலால் ஒன்றை அடித்து, மேலே எதையோ எழுதி, புத்தகத்தை ராயின் பக்கம் தள்ளினார். டுலூத் அடிபட்டிருந்தது. அதற்கு மேலே மார்த்தா.

"எல்லார் புத்தகத்துலயும் மாத்தச் சொல்லியாச்சு. உன் நாக்கை இனிமே மாத்த முடியாது. ஞாயித்துக்கிழமை நீதான் ஆடுற. வேற எவளாவது வந்தாளோ, தொலைச்சுடுவேன். போ."

நடைவழித் தொலைபேசியில் லொரெய்னைக் கூப்பிட்டான். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"புத்தகம் கேட்டாங்களா, ராய்?"

"கேட்டாங்க."

அந்தப் பக்கம் பெட்டியின் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது.

"திருப்பிக் குடுத்துட்டாங்கடி," என்றான். "துணி துவைக்கணும்னா துவை."